சாகக் கூடாத புட்டி

மருந்து போட்ட புட்டியில் ஒட்டுண்ணிகள் செத்திருந்தன. அது சரி, அவை சாக வேண்டியவை. மருந்து போடாத புட்டியிலும் செத்திருந்தன. அமோங்கின் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, துடைத்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள். செத்தவை செத்தபடியே கிடந்தன.

தூக்க நோய் ஒட்டுண்ணி அது. எங்கள் தொரோரோ பக்கம் மனிதன், மாடு என்று பார்க்காமல் சுருட்டிக்கொண்டு போன சனியன். அது செத்தால் ஊரே குடித்துக் கொண்டாடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மட்டும்தான் அதற்காக ஒருத்தி மூக்கைச் சிந்துவாள். எங்கள் பிழைப்பு அப்படி.

ஏழு வருடமாக அவள் செய்துவந்தது இதுதான். ஒட்டுண்ணிக்குள், அது இல்லாமல் உயிர் தரிக்காத ஒரு மரபணு இருக்கிறது. அது அனுப்பும் கட்டளையை, அந்த உயிரணுவின் சொந்தக் கத்தரியைக் கொண்டே துண்டு துண்டாக நறுக்க வைக்கும் ஒரு ஆர்.என்.ஏ.வை உள்ளே ஒளித்து வைத்திருந்தாள். அதற்கு ஒரு சுவிட்சும் உண்டு. டெட்ராசைக்ளின் மருந்து ஒரு துளி பட்டால் சுவிட்ச் விழும், மரபணு வாயடைத்துப்போகும், ஒட்டுண்ணி சாகும். துளி படாத புட்டி சுகமாக வாழ வேண்டும். ஒன்று செத்து ஒன்று பிழைத்தால்தான் ஆராய்ச்சி. இரண்டும் செத்தால் அது வெறும் கருமாதி.

இன்னும் பத்து நாளில் கம்பாலாவிலிருந்து தேர்வாளர் நமுகாசா வருகிறார். இரண்டு புட்டிகளையும் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் முனைவர் பட்டத்துக்குக் கையெழுத்து என்று எழுதியிருந்தார். ஊரில் ஏழு வருடமாக எல்லோரும் அமோங்கினை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை.

"சீரம்தான் கோளாறு," என்றார் ஒபோ. இருபத்தைந்து வருடமாக எங்கள் ஒட்டுண்ணிகளுக்குச் சோறு வைப்பவர். அந்தச் சோறு மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிநீர். "வெளிநாட்டுச் சீரம் சுங்கத்துல மாட்டிக்கிச்சுன்னு உள்ளூர் மாட்டுகிட்ட போனோம் பாரு, நம்மளச் சொல்லணும்."

அமோங்கின் மாட்டுக்காரர் ஓகெச்சோவுக்குப் போன் போட்டாள்.

"ஓகெச்சோ அண்ணே, புட்டியில எல்லாம் செத்துப்போச்சு."

"எத்தனை நாள்ல?"

"மூணு நாள்ல."

"மூணு நாளா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "என் மாட்டு ரத்தம் போட்டுமா?"

"ஆமாண்ணே."

"மனசு கேக்கலை டாக்டரம்மா. அடுத்த தடவை இதைவிட நல்லாப் பண்ணித் தர்றேன்."

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டாள். புது ரத்தம் வந்தது. சீரம் பிரித்தார்கள். இரண்டு புட்டிகளும் இரண்டே நாளில் செத்தன.

ஒபோ சும்மா இருக்கவில்லை. சுவிட்ச் வைக்காத சாதாரண ஒட்டுண்ணிகளை அதே சீரத்தில் விட்டுப் பார்த்திருந்தார்.

"சீரம் நல்லாத்தான்மா இருக்கு. சுவிட்ச் இல்லாத பயலுக தின்னு கொழுத்துத் திரியுறானுங்க. உன் பிள்ளைங்கதான் சவலை."

"அப்ப சோறு பத்தலையோ?"

"எங்கிட்ட கேக்காதே. டாக்டர் நீதானே."

டாக்டர் முடிவெடுத்தாள். சீரத்தை இரட்டிப்பாக்கினாள். பிள்ளைகள் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தன.

அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வேர்க்கடலைக் குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு ஓகெச்சோவைப் போனில் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவை எத்தனை நாள்?" என்றார் எடுத்தவுடனே.

"ஒரு நாள்."

"தேர்வு என்னிக்கு?"

"வியாழக்கிழமை. கடைசியா ஒரு தடவை ரத்தம் குடுங்கண்ணே. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"மனசத் தளர விடாதீங்க டாக்டரம்மா. நான் இருக்கேன்ல."

பெற்ற தகப்பன்கூட அவள் படிப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

கடைசி முயற்சியில் அமோங்கின் எதையும் விட்டுவைக்கவில்லை. புதுப் புட்டி, புதுக் கையுறை, புது அலமாரி. கை தவறி ஒரு துளிகூடப் பட்டுவிடக் கூடாது என்று டெட்ராசைக்ளினையே ஆய்வுக்கூடத்தில் வைக்காமல், முதல் புட்டிக்கு ஊற்றிய கையோடு ஒபோவின் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வண்டிச் சாவியும் அதே வளையத்தில் இருந்ததால் அன்று மாலை ஒபோ நடந்தே வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நமுகாசா நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் புட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவதை வெகுநேரம் பார்த்தார்.

"மருந்து போடாததும் செத்துக் கிடக்கேம்மா."

"ஆமாம் மேடம்."

"அப்போ மரபணு வாயடைச்சதால செத்துதுன்னு எப்படிச் சொல்லுவே? சுவிட்ச் விழாமலே சாகுதே. உன் ஒட்டுண்ணிக்கு வேற ஏதோ சீக்கு."

ஏழு வருடம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நமுகாசா படிவத்தை இழுத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு ஓகெச்சோ உள்ளே வந்தார். தேய்த்த கோட்டு, கையில் சுரைக்குடுக்கை நிறையப் பால். தேர்வு நாளாயிற்றே என்று பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

"என்ன டாக்டரம்மா, முகம் இப்படி இருக்கு?"

"எல்லாம் செத்துப்போச்சுண்ணே," என்று அமோங்கின் அழுதேவிட்டாள். "ஒண்ணுகூட மிஞ்சலை."

ஓகெச்சோவின் முகம் மலர்ந்தது. குடுக்கையை மேசையில் வைத்துவிட்டு, தேர்வாளரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்:

"பின்னே மிஞ்சுமா, நீங்க ஒவ்வொரு தடவை நாள் கணக்குச் சொன்னப்பவும், ரத்தம் எடுக்கிறதுக்கு முந்தின நாள் மாட்டுக்குப் போடுற டெட்ராசைக்ளின் ஊசியை நான் ரெண்டு மடங்கா ஏத்திக்கிட்டே வந்தேன்ல."