ஆள் இல்லாமல் ஓடிய மெஷின்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் இல்லாத இடத்தில் எது ஓடினாலும் என் கை தானாகப் போய் அதை நிறுத்திவிடும். மின்விசிறி, மோட்டார், ஒருமுறை பக்கத்து வீட்டு டிவி. (அங்கே ஆள் இருந்தார். சோபாவில் படுத்திருந்ததால் என் கண்ணில் படவில்லை.)

இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருந்த என் தாய்மாமா. பள்ளி விடுமுறைகளில் அங்கே எனக்கு ஒரே ஒரு உத்தியோகம். டீ மணி அடித்ததும் டெய்லர்கள் எழுந்து போவார்கள். துணி ஓடாவிட்டாலும் மெஷினுக்கு அடியில் மோட்டார் மட்டும் 'ம்ம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் வரிசை வரிசையாக நடந்து எல்லாவற்றையும் ஆஃப் செய்ய வேண்டும். சம்பளம் ஒரு தேங்காய் பன். அந்த பன்னுக்காக நான் காட்டிய கடமையுணர்ச்சியைப் படிப்பில் காட்டியிருந்தால் இன்று எங்கேயோ போயிருப்பேன்.

பிறகு கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. எங்கள் துறையில் ஏ.சி. அறைக்குள் ஒரு சர்வர் இருந்தது. துறையில் ஆராய்ச்சி செய்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர். வீட்டிலிருந்தே போன் லைன் வழியாக அதற்குள் நுழைந்து கணக்குகளை ஓட்டலாம். துறையின் பிரிண்டரை நான் ஒருமுறை சரிசெய்துவிட்டேன் என்பதற்காகப் பேராசிரியர் என்னை மேதை என்று நம்பி, சர்வரின் முழு அதிகாரத்துக்கான பாஸ்வேர்டையும் கொடுத்திருந்தார். பாவம், நல்ல மனுஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷிப்மென்ட் அவசரம் என்பதால் மாமா கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் வித்தையைக் காட்டினேன். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி அடங்கியது. கறுப்புத் திரை வந்தது.

"இங்கிருந்தே கோயமுத்தூருக்குள்ள போயிட்டயா மாப்ள!" மாமா அசந்துபோனார்.

யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தேன். என் பெயர் மட்டும். என்னவெல்லாம் ஓடுகிறது என்று தட்டினேன். ஜெசிந்தா அக்காவின் பெயரில் ஒரு ப்ரோக்ராம் பத்தொன்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. என் சீனியர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவர் அம்மா எஸ்தர், மாமா கம்பெனியிலேயே துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர்.

"பாருங்க மாமா, அந்தக்கா ஊட்டுக்கு வந்திருச்சு. மெஷின் அங்க சும்மா ஓடிட்டிருக்குது."

"ஆளில்லாமயா? அப்பறம் ஆஃப் பண்ணாம என்ன பாத்துட்டிருக்கறே?"

ஒரே வரி தட்டினேன். நின்றது. பன் வாங்கித் தருவார் என்று கூட நினைத்தேன்.

அரை மணி நேரத்தில், அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் ஜெசிந்தா அக்காவே வந்து நின்றார். கம்ப்யூட்டரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "சர்வர்லயால இருக்க? என் ப்ரோக்ராம் ஓடுதான்னு பாரு. நாளைக்கு முடிஞ்சிரும். அதை வச்சித்தான் கடைசி அத்தியாயம். அடுத்த மாசம் தீசிஸ் குடுத்தாத்தான் வேலைக்குச் சேரவே முடியும். அப்புறம் அம்மாவ ஞாயித்துக்கிழமை இங்க விட மாட்டேன், கோயிலுக்குப் போகட்டும்."

செய்தது தப்போ என்று அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் பெருமை விடவில்லை. "நீங்க ஆஃப் பண்ண மறந்துட்டீங்கக்கா. நானே பண்ணிட்டேன்."

"என்னல சொல்லுத?"

"ஆள் யாருமே இல்லீங்களே..."

"ஆளு பக்கத்துல நிக்கணும்னா அது எதுக்குல கம்ப்யூட்டரு? கூறுகெட்ட பயலே!" என்றவர் துணி மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சத்தம் கேட்டு எஸ்தர் அம்மாள் கழுத்தில் டேப்புடன் ஓடி வந்தார். "எதுக்குட்டி அழுவுத?" என்று விவரம் கேட்டவர், "அடுப்புல கறி கொதிச்சிட்டு இருக்கையில, பக்கத்துல ஆளில்லன்னு தண்ணிய ஊத்தி அணைச்சிட்டாவளா?" என்றார். நான் படித்த எம்.எஸ்ஸி.யில் யாரும் அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. வெட்கத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாமா தொண்டையைச் செருமினார். "அம்முணி, தப்பு இவன்மேல மட்டும் இல்லீங்க. ஆஃப் பண்ணச் சொன்னது நாந்தானுங்க."

நல்லவேளை, ஒன்பதாம் நாள் வரையிலான கணக்கை அக்கா தனியே சேமித்து வைத்திருந்தார். பத்து நாள் போனது போனதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மறுபடி ஓட்டினார். கட்டிங் செக்‌ஷனில் அதே லைனில் இருந்த போனை யாராவது எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் மாமா அங்கே போய், ரிசீவரை இரண்டு கையாலும் அமுக்கியபடி ஒரு மணி நேரம் நின்றார். அந்த நேரம் வெளியிலிருந்து சரக்கு வாங்கும் எந்த பையருக்கும் லைன் கிடைத்திருக்காது.

எனக்குத் தண்டனை, காலையும் மாலையும் சர்வருக்குள் போய் அந்த ப்ரோக்ராம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்வது. முதல் நாள் நுழைந்ததும் சிரித்துவிட்டேன். அக்கா அதன் பெயரையே மாற்றியிருந்தார். இங்கிலீஷ் எழுத்தில், 'ஆள் இருக்கு'.

ஆள் இருந்ததாலோ என்னவோ, கணக்கு முடிந்தது. தீசிஸ் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மாலை, பல்கலைக்கழக ஆபீஸ் மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு அது போய்ச் சேர்ந்தது. வேலையும் கிடைத்தது. எஸ்தர் அம்மாள் அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பக்கமே வரவில்லை.

இந்தக் கதையை மாமா என் கல்யாணப் பந்தியில் சொல்லித் தொலைத்தார். இன்றும் நான் சமையலறைப் பக்கம் போனால், ஹாலிலிருந்து மனைவி குரல் வரும்: "கிரைண்டர் ஓடுதுங்க. ஆள் இருக்கு!"

சமீபத்தில் அந்தத் துறைக்குப் போயிருந்தேன். ஒரு மாணவியின் திரையில் வரிசையாக ஆள் இருக்கு ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏம்மா இந்தப் பேரு?"

"தெரியலீங் சார். இப்படி வெக்கலைன்னா ப்ரோக்ராம் பாதில நின்னுருமாமுங்க. சீனியர்ஸ் சொன்னாங்க."

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். வெளியே வரும் வழியில் ஒரு காலி வகுப்பறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.