நூற்றெட்டுச் சுற்றும் இருபத்துநாலு காதுகளும்

வாழவந்தி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அம்மா கமலா எழுதுவது. சேர்வராயன் சாமி கண் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதால் இங்கே நானும் உன் அப்பாவும் நலம். அதே சாமி நார்வே வரைக்கும் கை நீட்டி உன்னையும் காக்க வேண்டும். அந்தக் குளிரில் பாதவெடிப்புக்கு எண்ணெய் தடவத் தவறாதே.

நீ மலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதைச் சொல்லிக்காட்ட இந்தக் கடிதம் எழுதவில்லை. இது உன் வேலை சம்பந்தமான விஷயம். வீட்டுக் கிணறு மாசியிலேயே வற்றிப்போனதால், போர் போடுவதற்கு முன் பாறையைப் பார்க்கச் சேலத்திலிருந்து ஹரிஹரன் என்பவரை அப்பா வரவழைத்தார். நீ கடலுக்கடியில் செய்வதாகச் சொன்ன அதே வேலைதான், இங்கே சம்மட்டியால். கொல்லையில் மிளகுக் கொடியோரம் இருபத்துநாலு கருவிகளை வரிசையாக நட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆணி, தலையில் பதிவுப் பெட்டிக்குப் போகிற ஒயர். இரும்புத் தகட்டில் ஓங்கி அடித்தால் அதிர்வு கீழே போய், மண் முடிந்து கல் தொடங்குகிற இடத்திலும், கல் விரிசல் விட்ட இடத்திலும் பட்டுத் திரும்பி வருமாம். போய்வர ஆன நேரத்தை வைத்து ஆழம் சொல்லிவிடுவாராம். எனக்கு இதெல்லாம் புதுசா? போன்ல நான் "சாப்ட்டியா கண்ணு"ன்னு கேட்டா உன் "ம்ம்" வந்து சேர எத்தனை நேரம் ஆகுதுன்னு தெனமும் எண்ணிட்டிருக்கறவளாச்சே.

சம்மட்டி அடிக்கப் பக்கத்து ஊட்டு ஐயாக்கண்ணு வந்தாரு. யாரும் அசையக்கூடாதுன்னு உத்தரவு. அசையாம இருக்கலாம்தான், ஆனா அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நம்ம வாசல் முருகனை நூத்தெட்டுச் சுத்துச் சுத்தறதா எனக்கு வேண்டுதல். தண்ணிக்காகத்தான், வேறொண்ணுமில்ல. கருவி கொல்லையில இருக்குது, முருகன் வாசல்ல இருக்கறாரு, என் காலடி யாருக்குக் கேக்கப்போகுதுன்னு நடந்தேன். பொட்டியைப் பாத்துட்டிருந்த ஹரிஹரன் எந்திரிச்சே வந்துட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்க நடக்கறது பூராப் பதிவாகுதுங்க. செத்த நில்லுங்க."

"இது அறுபத்தொண்ணாவது சுத்துங்க. நின்னா மறுபடி ஒண்ணுலருந்து வரோணும்."

"அத்தனையும் காதுங்கம்மா. மண்ணோட ஒட்டி நின்னு கேக்குதுங்க!"

"காதுங்களா? அப்ப சாமி காரியம் கேட்டா அதுக்கும் புண்ணியந்தானுங்களே."

ஐயாக்கண்ணு ஓங்கின சம்மட்டியை இறக்காம, "அக்கா, எதுவா இருந்தாலும் என் தோள்பட்டை கழண்டு விழறதுக்குள்ள முடிச்சுருங்க"ன்னார்.

கடைசியா ஒரு வழிக்கு வந்தோம். நான் ஒரு சுத்து முடிச்சு முருகன் முன்னால கை கூப்பி நிக்கறது, அவர் ஒரு அடி அடிக்கறது. கை கூப்பி நின்னா அது கும்பிடு, நிறுத்தினதா ஆகாதுன்னு நானே தீர்ப்புச் சொல்லிட்டேன். காலைல ஆரம்பிச்ச வேலை மூணு மணிக்குத்தான் முடிஞ்சுது. நடுவுல உங்கப்பா நொம்பப் பசிக்குதுன்னு எந்திரிச்சார், அசையாதீங்கன்னு உக்கார வச்சுட்டாங்க.

எழுபது அடி ஆழத்துல கெட்டிக்கல்லு, நூத்தித் தொண்ணூறுல விரிசல் இருக்கலாம்கறார் ஹரிஹரன். ஆனா கல்லுக்குள்ள அதிர்வு போற வேகத்தை உத்தேசமாத்தான் எடுத்திருக்காராம். வேகம் தப்பானா ஆழமும் தப்பும்னு நீயே சொல்லியிருக்கே. அதனால விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் நேர்ல வந்து பாக்கறது நல்லது. எனக்காக வர வேண்டாம், கல்லுக்காக வா.

இதோட அந்த அதிர்வெல்லாம் பதிவான தாள் ஒண்ணு வச்சிருக்கேன். என் நடைக்கு இரைச்சல்னு பேர் வச்சு மத்த தாள்ல எல்லாம் கழிச்சுட்டார். இந்த ஒண்ணைக் கழிக்காமக் கேட்டு வாங்கினேன். வளைஞ்சு வர்றதெல்லாம் கல்லு. குறுக்கால சாஞ்சு போற கோடு நானு. நீயும் கழிச்சுப்புடாதே சாமி.

சேர்வராயனும் காவேரியம்மனும் உன் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் காவல் இருக்கட்டும்.

உன் அம்மா,
கமலா.

பின்குறிப்பு: உங்கப்பா இதைப் படிச்சுட்டு, "உள்ளதை எழுது"ன்னு பேனாவைத் திருப்பிக் கையில குடுத்துட்டார். போர் போட்டு மூணு வாரம் ஆச்சு கண்ணு. நூத்தி எண்பத்தெட்டு அடியில நல்ல தண்ணி. ஹரிஹரன் சொன்னது சரியாப் போச்சு, நீ வந்து பாக்க வேண்டிய கல்லு ஒண்ணும் பாக்கியில்ல. இன்னிக்கும் நூத்தெட்டுச் சுத்திட்டுத்தான் எழுத உக்காந்தேன்.