உசிலமரத்தில் ஒரு மஞ்சள் ரிப்பன்

அஸ்வினி கட்டியது ஒரே ஒரு மஞ்சள் ரிப்பன்தான். அடுத்த சனிக்கிழமை திண்டிவனத்தில் பஸ் மாறி, ஒலக்கூர் ஏரிக்கரைக் காட்டுக்கு வந்து பார்த்தால், உசிலமரத்தில் பதினேழு மஞ்சள் துணி தொங்குகிறது. கூடவே பிள்ளை வரம் கேட்டு நாலு குட்டித் தொட்டில்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுப்புரத்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவள். மரக்கிளையில் ஒட்டி வளரும் காட்டு ஆர்க்கிட்தான் அவள் பாடம். மூன்று வருஷம் அலைந்ததில் இந்த மரத்துச் செடியில்தான் முதல் காய் பிடித்திருக்கிறது. அது முற்றி விதை கைக்கு வந்தால்தான் டாக்டர் பட்டம். செடி இருக்கும் கிளை தெரியட்டுமே என்று ரிப்பன் கட்டினாள். கடையில் வேறு கலரே இல்லையா என்ன?

யாரும் பார்ப்பதற்குள் தன் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். ரிப்பனைக் காணோம், சாமி கோபித்துக்கொண்டு போய்விட்டதென்று ஊர் பதறியது. மறுவாரம் செடி முழுக்க மஞ்சள் தண்ணீர், வேரெல்லாம் குங்குமம்.

'ஆராய்ச்சிச் செடி, தொடாதீர்' என்று பலகை மாட்டினாள். பலகைக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். ஐம்பதடி தள்ளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவளும் கழற்றினாள், காலில் முள் ஏறியது.

ஆடி வெள்ளிக்கு மரத்தடியிலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல். புகை நேராகப் போய்க் காயைச் சுற்றிக்கொண்டது. அஸ்வினி பாட்டில் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். பொங்கல் வைத்த பூமாலை என்ற ஊர்க்காரி கரண்டியும் கையுமாக வாயைப் பிளந்து நின்றாள்.

தினமும் அங்கே ஆடு மேய்க்கிற லூர்துசெல்விதான் அஸ்வினியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள். அஸ்வினி கையை உதறினாள்.

"அக்கா, ரிப்பன் கட்டுனதே நான்தான். சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

லூர்துசெல்வி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லித் தொலைக்காத பாப்பா. காட்ட அழிச்சி பிளாட் போட ஜேசிபி வந்து நின்னுச்சு, நான்தான் உன் ரிப்பன காட்டி, அம்மன் என் கனவுல வந்துச்சுன்னு கிளப்பிவுட்டேன். சர்ச்சுக்குப் போற வேதக்காரி கனவுலயே வந்துச்சுன்னா நெசமாத்தான் இருக்கும்னு ஊரே நம்பிக்கினு இருக்குது."