சோதனைக்கு உட்படாத ஆறு மூட்டை

முதலில் சத்தம்தான் வந்தது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து, பத்து அரவை மெஷினை ஒரே நேரத்தில் வெறுமனே ஓடவிட்டாற்போல. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த பாப்பாத்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். ஏரோப்ளேன் இல்லை. மேகம் இருந்தது. தை மாதத்தில் இருக்கக் கூடாத மேகம்.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. கூரை இல்லை, கதவு இல்லை, சக்கரம் நாலும் உடம்புக்கு வெளியே. நடுவில் ஒரே ஓர் ஆள், அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்த மாதிரி. நேரே வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றது.

கம்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆந்திர ராஜ்யம் பிறந்து அது நாலாவது மாதம். எல்லை எங்கே என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாலும், எங்கள் ஊர்ச் சாலையில் ஒரு சவுக்குக் கம்பத்தைக் குறுக்கே போட்டுத் தற்காலிகமாகத் தீர்த்துவிட்டார்கள். மேற்கே ஆந்திரம், கிழக்கே சென்னை ராஜ்யம். பர்மிட் இல்லாமல் நெல் தாண்டக் கூடாது. கம்பத்தை ஏற்றி இறக்குவது என் உத்தியோகம். ராத்திரி முறைக்காரனான என்னைப் பந்தயம் நடந்த மூன்று நாள் மட்டும் பகலுக்கு மாற்றியிருந்தார்கள்.

பாப்பாத்திக்கும் அவள் புருஷன் கங்கையாவுக்கும் குத்தகை நிலமும் களமும் கம்பத்துக்கு மேற்கே. வீடு நூறு கெஜம் தள்ளிக் கிழக்கே. களத்தில் ஆறு மூட்டை நெல். வருஷத்துச் சோறு அவ்வளவுதான். நனைந்தால் முளைத்துப் போகும். தன் நெல்லைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கங்கையா போட்ட மனு சித்தூருக்குப் போய் இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது.

அதே சித்தூரில்தான், உலகத்துப் பெரிய தேசங்களில் ஒற்றை இருக்கை மோட்டார்ப் பந்தயம் நடப்பதாக யாரோ பத்திரிகையில் படித்துவிட்டார்கள். பந்தயம் இல்லாத ராஜ்யத்தை எல்லைக் கமிஷன் எப்படி மதிக்கும்? உடனே ஒரு கமிட்டி. வெள்ளி ஒத்திகை, சனி புறப்பாட்டு வரிசைத் தேர்வு, ஞாயிறு பந்தயம். பாதை நாலு மைல் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதியாம். அளந்து பார்த்ததில் ராஜ்யம் மூன்றரை மைலில் முடிந்துவிட்டது. பாக்கி அரை மைலைச் சென்னை ராஜ்யம் கடனாகக் கொடுத்தது, ஞாயிறு சாயங்காலம் வாங்கின நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சாலையின் கோடியில் இருந்த புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு கார்கள் வந்த வழியே திரும்ப வேண்டும்.

ஐந்து கார்கள் ரேணிகுண்டாவில் கூட்ஸ் வண்டியிலிருந்து இறங்கின. ஓட்டுகிறவர்களை முதலில் திருமலைக்கு அழைத்துப் போனார்கள். இரண்டு பேர் மொட்டை போட்டுக்கொண்டதில் தலைக்கவசம் தொளதொளத்துப் போய், கமிட்டி செலவில் பஞ்சு வாங்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை என் கம்பத்தில் வந்து நின்றவர் திருப்பதி பஸ் முதலாளி மகன் சிட்டிபாபு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாகபூஷணம் நோட்டைத் திறந்தார். இருக்கைக்கு அடியில் அரிசி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கிளீனர் எங்கே, கிளீனர் உட்கார இடம் எங்கே என்று விசாரித்தார்.

"பிரயாணத்தின் நோக்கம்?"

"திரும்பி வரதுதான் சார்."

"திரும்பி வரதுக்கு எதுக்குப் போறீங்க?"

சிட்டிபாபு யோசித்துப் பார்த்தார். நாகபூஷணம் 'நோக்கம் தெளிவில்லை' என்று எழுதிக்கொண்டுவிட்டார். திரும்பி வந்தபோது மறுபடியும் தகப்பனார் பெயர் கேட்டார். அன்று மாலைக்குள் நோட்டு தீர்ந்துவிட்டது. அன்றைய அதிகபட்ச வேகம் மணிக்கு ஒன்றேகால் மைல்.

செய்தி போய், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சித்தூரிலிருந்து ஜீப்பில் உத்தரவு வந்தது: 'பந்தய வாகனங்களும், அவற்றை நகர்த்துவதற்கு இன்றியமையாத பொருள்கள் யாவும், எவ்விதச் சோதனையுமின்றி எல்லையைக் கடக்க அனுமதிக்கப்படுகின்றன.'

கங்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவங்களுக்கு ஒரே நாளில் வந்த காயிதம் நமக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான். நாகபூஷணம் கெட்டவர் இல்லை, பொறுமையாகவே விளக்கினார். அது வேகத்தைப் பற்றிய விஷயம், ஆகையால் சீக்கிரம் வந்தது. நெல் நிதானமான விஷயம்.

"மானம் இருட்டிக்கினு வருது சார்," என்றான் கங்கையா.

"அதுக்கு நான் பொறுப்பில்லை," என்றார் அவர். அது உண்மைதான்.

ஞாயிற்றுக்கிழமை நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் ஜனம் வந்து குவிந்தது. பத்துச் சுற்றுப் பந்தயம். இரண்டு கார் வழியிலேயே புகைந்து நின்றுவிட்டன. ஒன்று ஏரிக்குள் போய்விட்டது. இன்னொன்றின் ஆள் இன்னமும் தரிசன வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார். மிச்சம் சிட்டிபாபுதான். கடைசிச் சுற்றில், பாப்பாத்தியின் களத்துக்கு நேராக வந்ததும் அவர் காரும் இரண்டு தும்மல் போட்டுவிட்டு அடங்கிப்போனது.

கமிட்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒரு காராவது முடிக்காவிட்டால் பந்தயமே நடக்காததாகிவிடும். ராஜ்யத்தின் மானம் போய்விடும். தள்ளிப் பார்த்தார்கள், வேட்டிதான் கிழிந்தது. அப்போதுதான் கங்கையாவின் ஜோடி மாடு கண்ணில் பட்டது. புளியமரம் வரை போய்த் திரும்பிப் பந்தயம் முடிகிற கோட்டுக்கு இழுத்துவிட்டால் போதும் என்றார்கள்.

பாப்பாத்தி முறத்தைக் கீழே வைத்தாள். வானத்தை ஒருதரம், காரை ஒருதரம் பார்த்தாள்.

"இழுக்கும். ஆனா எங்க மாடு வெறும் வண்டிய இழுக்காது. பின்னால நெல்லு மூட்டை இருந்தாதான் நவுரும்."

நாகபூஷணம் என்னைப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டார். சர்க்கார் சிப்பந்தி என்ற முறையில் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. நான் பார்த்தவரைக்கும் அப்படித்தான் என்றேன். நான் பார்த்ததெல்லாம் ராத்திரியில். மாடு அப்போது தூங்கும்.

அவர் உத்தரவை மூன்று தரம் படித்தார். 'நகர்த்துவதற்கு இன்றியமையாத பொருள்கள்.' சந்தேகமே இல்லை.

காரின் மூக்கில் இரண்டு மூட்டை, வாலில் மூன்று. ஆறாவது மூட்டை இருக்கையில். அதன் மேல் சிட்டிபாபு, கவசத்தைக் கழற்றாமல். கங்கையா மாட்டை ஓட்டினான். நான் கம்பத்தை ஏற்றினேன். நாகபூஷணம் சட்டென்று முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஏன் சார்?"

"பார்த்தா அதுவே சோதனை. சோதனையில்லாம விடணும்னு உத்தரவு."

மூட்டைகள் கங்கையாவின் வீட்டு வாசலில் இறங்கின. திரும்பும்போது மாடு வெறும் காரை எப்படி இழுத்தது என்று யாரும் கேட்கவில்லை. சிட்டிபாபு கோட்டைத் தொட்டபோது முதல் தூற்றல் விழுந்தது. கோப்பை கொடுத்தார்கள், கைதட்டினோம். கடன் வாங்கின அரை மைல், ஈரமாக இருப்பதாக ஒரு குறிப்போடு, அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

ஒரு வாரம் ஊரே சிரித்தது. அப்புறம் ஊருக்கு யோசனை வந்தது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் நெல் வைத்திருப்பவன் கங்கையா ஒருத்தன்தானா? எல்லாரும் சேர்ந்து மனுப் போட முடிவாயிற்று. எழுதினது நான்தான், நாலு நாள் உட்கார்ந்து, நல்ல நடையில். ஒவ்வொரு அறுப்புக்கும் எங்கள் ஊரில் ஒரு மோட்டார்ப் பந்தயம் நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தோம். கம்பத்தை எடுக்கும்படி கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முதல் கைநாட்டு கங்கையாவுடையது.

பதில் எட்டே நாளில் வந்தது. வேகத்தைப் பற்றிய விஷயமல்லவா. மனு ஏற்கப்பட்டது, நிரந்தரப் பந்தய அலுவலகம் ஒன்று அமைக்கப்படும், அதற்குச் சாலையோரமாக, மேடாக, சமமாக இருக்கும் ஒரே இடம் கங்கையாவின் களம், மனுதாரர்களின் ஒருமித்த விருப்பப்படி அது எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கங்கையா காகிதத்தை எடுத்துக்கொண்டு நாகபூஷணத்திடம் போனான். அவர் மனுவைப் பிரித்து, முதல் கைநாட்டைக் காட்டி, உன்னுடையதா என்று மட்டும் கேட்டார்.

சித்திரை அறுப்புக்குள் கட்டடம் எழும்பிவிட்டது. பெயர்ப்பலகை, பியூன், மண்பானைத் தண்ணீர் எல்லாம் உண்டு. எல்லை முடிவாகும் வரை பந்தயம் மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

களம் போனதால் பாப்பாத்தி கதிரைப் பந்தயச் சாலையிலேயே பரப்பி அடித்தாள். கம்பத்துக்கு அந்தப் பக்கம், மேற்கே. பர்மிட் மனு போய்ப் பத்து நாள் ஆகிறது. நான் ராத்திரி முறை முடிந்து கிளம்பும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதத் தெரிஞ்சவன்தானே நீ," என்றாள். அவள் கண் கம்பத்தின் மேல் போய் நின்றது.

மேல்காற்று எழும்பியது. அவள் முறத்தை எடுத்துத் தூற்ற ஆரம்பித்தாள்.