தொடைப் பட்டையை நிறுத்தக் கோரி மாப்பிள்ளைக்கு ஒரு முறையீடு

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. கப்பலில் நீங்கள் நலமென்று நம்புகிறேன். இங்கே உங்கள் மனைவியின் முட்டி நலம். என் மனம்தான் நலமில்லை.

தசைநார் அறுவை சிகிச்சை முடிந்து ஏழு வாரம் ஆகிறது. பேருந்து ஓட்டுகிறவளுக்கு இடது கால்தான் கிளட்ச். அந்தத் தொடையோ பாதியாக இளைத்துவிட்டது; ஊன்றுகோல் இல்லாமல் ஓரடி வைப்பதில்லை. மூன்று மாதத்தில் பணிமனையில் காலைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் டிக்கெட் கவுண்டர்தான். ஸ்டியரிங் இல்லாத நாற்காலியில் அவள் ஒரு நாள்கூட உட்காரமாட்டாள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த நேரத்தில், வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண் தொடையில் பட்டை கட்டி, காற்றடித்து, இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறாள்! முப்பத்தெட்டு வருடம் குழாய் வேலை பார்த்தவன் நான். யாரிடமும் படிக்காமல் நானே கற்றது. வால்வைப் பாதி மூடினால் மாடிக்குத் தண்ணீர் கூடும் என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பெண்ணிடமே கேட்டுவிட்டேன்.

“முழுசா அடைக்கல அங்கிள். இப்ப முட்டி பெரிய பளுவைத் தாங்காது. இப்படி இறுக்கினா, சின்னப் பளுவைத் தூக்கினாலே தசை பலமாகும்.”

“தசையை ஏமாத்துறியா?”

“கிட்டத்தட்ட.”

“ஏமாத்தி வளத்தது எது உருப்பட்டிருக்கு?” என்றேன். உங்கள் மனைவி என்னைக் கூடத்துக்கு விரட்டிவிட்டாள்.

பெற்றவன் சும்மா இருக்க முடியுமா? அவள் படுவதை முதலில் நான் பட்டுப் பார்க்கிறேன் என்று நேற்று அறைக் கதவைச் சாத்தி, சைக்கிள் டியூபைத் தொடையில் சுற்றி, ஒரு சொட்டும் கசியாத என் சொந்த முடிச்சைப் போட்டு, பாதத்தில் செங்கல் பையை மாட்டி முப்பது முறை தூக்கத் தொடங்கினேன். பதினொன்றில் கால் என்னுடையதாக இல்லை. பன்னிரண்டில் கத்தினேன். முடிச்சு அவிழவில்லை, முடிச்சைப் பற்றி எனக்குக் குறை எதுவுமில்லை. சமையலறையிலிருந்து கத்தரிக்கோலோடு வந்தவள் டியூபை வெட்டிவிட்டு, “ஆபரேஷன் உங்களுக்கா எனக்காப்பா? அவங்க மெஷின்ல அளந்து காத்தடிக்கிறாங்க. நீங்க ஒழுகுற பைப்புக்குக் கட்டுற மாதிரி கட்டியிருக்கீங்க!” என்று ஒரு மணி நேரம் நின்றபடியே திட்டினாள்.

ஆகவே உடனே விடுப்பு எடுத்து வந்து இந்தப் பட்டையை நிறுத்துங்கள். நான் சொன்னால் எடுபடவில்லை. நீங்கள் சொன்னாலும் எடுபடாது. இரண்டு பேராகச் சொல்லிப் பார்ப்போம்.

கடல் உங்களை அதிகம் குலுக்காமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தன் கருத்தில் மாறாத
மாமா

பி.கு.: உறை தேடிச் சமையலறைக்குப் போனேன். அவள் ஊன்றுகோல் அடுப்பு மேடையோரம் சாய்ந்து நிற்கிறது, நேற்றிலிருந்து! நான் கத்தியதும் அதை விட்டுவிட்டே வந்திருக்கிறாள், இதுவரை தேடவுமில்லை. நீங்கள் வரவேண்டாம். நாளை அந்தப் பெண் வந்தால் கதவை நானே திறப்பேன். முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொள்வேன்.