மச்சினன் தோட்டத்து மிளகு

'பப்பாளி விதை: இருபது சதவீதம்' என்று பெட்டியின் திரையில் எழுத்து ஓடியதும் ராமபத்ரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுகூடி பாரும்மா, இன்னொரு தடவை," என்றார். "அது சுத்தமான மிளகாக்கும்."

கொச்சங்காடியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மூலையில் அம்ருதாவும் அவள் செய்த அந்தப் பெட்டியும் இரண்டு வருஷமாகக் குடியிருந்தார்கள். மிளகை முகர்ந்து பார்த்துக் கலப்படத்தைச் சொல்லும் பெட்டி. கிடங்கில் மிளகு புடைக்கும் சுடலைமணி அண்ணாச்சி அதற்கு மூக்கன் என்று பேர் வைத்து, தினமும் காலையில் சந்தனமும் வைப்பார். வாசனை கணக்கைக் கெடுக்கிறது என்று அம்ருதா துடைத்துவிடுவாள்.

இந்த மாதிரிப் புதுக் கண்டுபிடிப்புக் கம்பெனிகளை எடைபோட்டுச் சொல்வதற்காக ஒரு முதலீட்டு நிறுவனம் ராமபத்ரனை வைத்திருந்தது. படம் போட்டுக் காட்டினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். விடை தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சாம்பிளைக் கொண்டுபோய், "இது என்னன்னு உன் மெஷினைச் சொல்லச் சொல்லு" என்பார். அவ்வளவுதான் பரீட்சை. பதினொரு வருஷத்தில் நூற்று நாற்பத்திரண்டு பேருக்கு 'வேண்டாம்' எழுதியாயிற்று. பக்கவாட்டில் ஆடி ஆடி, அவர் கழுத்துக்கு மேலும் கீழும் ஆடவே மறந்துபோனது. காப்பி வேணுமா என்று கேட்டாலும் தலை வேண்டாம் என்று ஆடும். மனைவி திரிபுரசுந்தரி டம்ளரோடு திரும்பிப் போய்விடுவாள்.

ஆனால் இன்று 'சரி' எழுதும் ஆசையோடுதான் வந்திருந்தார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஏலூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்தபோது, அவரும் ஒரு மூக்கு செய்தார். வாயுக் கசிவை முகர்கிற மூக்கு. அது நாள் முழுக்கக் கத்தியது. "பொய் சொல்றது" என்று மேலாளர் நீலகண்டன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கசிவு இருந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ராமபத்ரன் பெங்களூர் போனார், சிப் வரைந்தார், பெரிய ஆளானார். அந்த அலமாரிக்குள் அது இன்னும் கத்திக்கொண்டிருப்பதாக மட்டும் அவருக்கு அவ்வப்போது தோன்றும்.

மூன்று மணிக்குக் கமிட்டி. 'வேண்டாம்' என்றால் திங்கட்கிழமை அம்ருதா கடையைக் கட்டிவிட்டு வேறெங்கோ சம்பளத்துக்குச் சேரவேண்டியதுதான்.

"ஃபேனை நிறுத்து."

இருபத்திரண்டு.

"அந்த வத்தல் மூட்டையைத் தள்ளி வை."

இருபத்தைந்து.

"சார், ஒருவேளை உங்க சாம்பிள்லயே..." என்று அம்ருதா இழுத்தாள்.

"என் மச்சினன் தோட்டத்து மிளகு! நெடுங்கண்டத்துலேர்ந்து அவனே கொண்டுவந்து தரான். இருபது வருஷமா எங்காத்து ரசத்துல இதான்!"

"சாரி சார்."

குரல் உயர்ந்ததற்கு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "போய்ச் சாப்பிட்டு வா. இன்னொரு சாம்பிள் தரேன்."

அவள் போனதும் மேஜையைப் பார்த்தார். மூக்கனைப் பழக்குவதற்காக, சுடலைமணி கழுவி உலர்த்திக் கொடுத்த பப்பாளி விதை ஒரு ஜாடி நிறைய இருந்தது. ராமபத்ரன் இடமும் வலமும் பார்த்தார். ஒரு கைப்பிடி விதையை அள்ளித் தன் மிளகுப் பையில் போட்டுக் குலுக்கினார். நோட்டில் 'இரண்டாவது சாம்பிள்: கலப்படம்' என்று எழுதினார். மூக்கன் எப்படியும் கலப்படம் என்றுதான் சொல்லப்போகிறது. இந்தத் தடவை அது சரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பையை மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சாயா குடித்தார். ருசி தெரியவில்லை. இன்னொன்றும் குடித்தார்.

திரும்பி வந்து, அம்ருதாவின் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினார். மூக்கன் நிதானமாக முகர்ந்தது.

'சுத்தம்.'

"நூத்துக்கு நூறு சுத்தம் சார்! இப்ப சரிதானே?" அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். சுத்தத்தைக் கலப்படம் என்கிறது, கலப்படத்தைச் சுத்தம் என்கிறது. கழுத்து வழக்கம்போல ஆடியது. போனை எடுத்து 'வேண்டாம்' என்று அனுப்பினார். அனுப்பியதைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது கமிட்டிக்கு அவரே போட்டுக்கொடுத்த சட்டம்.

அம்ருதா ஒயரைப் பிடுங்கி, மெதுவாகச் சுற்றினாள். "பரவால்ல சார். தப்பு எங்கேன்னு மட்டும் சொல்லுவீங்களா? தெரிஞ்சுக்கத்தான்."

ராமபத்ரன் மிளகுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

வாசலில் சுடலைமணி அண்ணாச்சி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

"கோவிச்சுக்கிடாதிய சார். மூக்கன் கலப்படம்னுச்சு, நீங்க சுத்தம்னு சத்தம் போட்டிய. மோளு அம்ருதா தோத்துரக் கூடாதேன்னு, நீங்க சாயா குடிக்கப் போன நேரத்துல உக்காந்து, பையில கெடந்த விதை எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன்."

இரண்டு காகிதப் பொட்டலங்களை நீட்டினார்.

"நான் கழுவி ஒணத்துன விதை எனக்குத் தெரியாதா? பெருசு உங்க மச்சினர் போட்ட விதை சார், சின்னது நீங்க போட்டது."