ஒன்பதாம் வகுப்பு கைவிட்ட ஹெட்மாஸ்டர்

"சொல்லுங்க பிள்ளைகளா, யாரை விட்டுட்டுப் போகலாம்?"

"ஹெட்மாஸ்டரை!" என்றது ஒன்பதாம் வகுப்பு ஒரே குரலில்.

சித்ரலேகாவுக்குக் குப்பென்று வியர்த்தது. ஹெட்மாஸ்டர் குமரகுருபரன் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

தச்சநல்லூரின் அந்தத் தனியார் பள்ளியில் அவளுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். இன்றைய வகுப்பு பிடித்தால் அவர் கையெழுத்துப் போடுவார். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு ஊர், வேறு வேலை. கோப்பு அவர் மடியில், பேனா கையில்.

நன்னெறி வகுப்பு. எல்லாக் கேள்விக்கும் சரி, தப்பு என்று ஒற்றை விடை கிடையாது என்று புரியவைக்க ஒரு கதை சொல்லியிருந்தாள். தாமிரபரணியில் வெள்ளம். மொட்டை மாடியில் ஒரு டாக்டர், ஒரு கர்ப்பிணி, ஒரு ஹெட்மாஸ்டர். படகிலோ இரண்டு பேருக்குத்தான் இடம்.

ஹெட்மாஸ்டரைக் கதையில் சேர்த்தது, அவர் மனம் குளிரட்டும் என்பதற்காக.

"அவசரப்படாதீங்க. டாக்டருக்குப் பதிலா ஒரு திருடன்னு வச்சுக்குவோம். இப்ப?"

குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. கணேஷ்ராம் எழுந்தான்.

"திருடன் ஏறிக்கிடட்டும் டீச்சர். பாவம்."

"அப்ப ஹெட்மாஸ்டர்?"

"அவுக அங்கனயே இருக்கட்டும்."

பின்னால் பேனா மூடி 'டக்'கென்று மூடிக்கொண்டது.

"ஏலே, திருடனைவிட நான் மோசமாலே?"

"அப்படி இல்ல சார், அது என்னன்னா…"

"நீ பேசுனது போதும், உக்காரு!" என்று சித்ரலேகா அவனை அமுக்கினாள். வாயைத் திறந்தால் இன்னும் என்ன வருமோ?

அடுத்து, யாராலும் தப்பாகச் சொல்ல முடியாத ஒரு கேள்வியைத் தேடிப்பிடித்தாள்.

"மத்தவங்க எல்லாரும் கரைக்கு வந்தாச்சு. மாடியில ஹெட்மாஸ்டரும் ஒரு ஆட்டுக்குட்டியும் மட்டும்தான். படகுல ஒரே ஒரு இடம்."

"ஆட்டுக்குட்டி!"

"ஆட்டுக்குட்டியா?"

"குட்டி கத்தும்லா டீச்சர்," என்றாள் வேணி.

"ஏன், சார் கத்த மாட்டாங்களா?"

"சார் தினமும் கத்துதாக. எங்களுக்குப் பழகிட்டு."

வகுப்பே சிரித்தது. கோப்பு மூடப்பட்டது.

சித்ரலேகா கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "நல்லா யோசிங்க. உங்க மார்க் ஷீட்ல யாரு கையெழுத்துப் போடுதாங்க? டி.சி. யாரு குடுக்காங்க?"

"பயந்துக்கிட்டு முடிவெடுக்கக் கூடாதுன்னு நேத்து நீங்கதான டீச்சர் சொன்னீங்க?" என்றாள் வேணி.

ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார். "பிள்ளைகளை மிரட்டுதீங்களா டீச்சர்? நல்லா இருக்கு உங்க நன்னெறி!"

வேலை போனது போலத்தான்.

அவர் வாசலை எட்டுவதற்குள் முதல் பெஞ்சிலிருந்து நஃபீஸத் எழுந்தாள். அதிகம் பேசாத பெண்.

"சார், ஏன்னு ஒருத்தருமே கேக்கலியே!"

அவர் நின்றார். "சரி, ஏன்?"

"போன வருசம் பிரேயர்ல நீங்கதான சார் சொன்னீக? ஐப்பசி வெள்ளத்துல குறுக்குத்துறையில குதிச்சு, அக்கரைக்கு நீந்திப் போனேன்னு. தைரியத்தைப் பத்திப் பேசும்போது. நீங்க எப்படியும் கரையேறிருவீக. மத்தவுக பாவம்லா? அதான் உங்க இடத்தை அவுகளுக்குக் குடுத்தோம்."

வகுப்பு கைதட்டியது. கணேஷ்ராம் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான். "ஞாயித்துக்கிழமை எங்களுக்கும் நீச்சல் சொல்லித் தாங்க சார்!"

ஹெட்மாஸ்டர் கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாள் சித்ரலேகா.

"பாப்போம்லே, பாப்போம். ஆத்துல தண்ணி கொஞ்சம் வடியட்டும்."

மேசைக்கு வந்தார். கோப்பைத் திறந்தார். விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டார். சித்ரலேகாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கோப்பை நீட்டியபடி அவர் பைய அவள் பக்கம் குனிந்தார்.

"டீச்சர், அடுத்த வகுப்புல என்னைய முதல் ஆளாப் படகுல ஏத்திருங்க. எனக்கு நீச்சல் தெரியாது."